காட்டுக்காக வைத்த தீ: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, விலங்குகளின் பெயராலும் இயற்கையின் பெயராலும் நடந்த வன்முறைகளைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடப்பட்டுவந்த ஓர் அமெரிக்கர் பிரிட்டனில் பிடிபட்டதாகவும், விலங்குகளுக்காகக் குண்டு வைத்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இருப்பதாகவும் படித்தேன். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள்தானே விலங்குகள்மீது அன்பு கொண்டவர்கள்? (வாசகி, கும்பகோணம்)

நீங்கள் படித்தது 2024 நவம்பரில் வேல்ஸ் பகுதியில் நடந்த கைது. வழக்கு 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எமெரிவில் நகரில் உள்ள ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதம் பிளெசன்டன் நகரில் இன்னொரு நிறுவனத்தின் வாசலில், ஆணிகள் சுற்றப்பட்ட ஒரு குண்டு வெடித்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் முதல் சம்பவத்தின் இரண்டாவது குண்டு, ஓடிவரும் தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் குறிவைத்ததாக இருக்கலாம் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கருதியது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் 2009இல் அந்த அமைப்பின் ‘மிக அதிகம் தேடப்படும் பயங்கரவாதிகள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பட்டியலில் உள்நாட்டு வழக்கு ஒன்றில் தேடப்பட்டவர் எவரும் இருந்ததில்லை.

உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் வருத்தம் எனக்கும் உண்டு. விலங்குகளுக்காகப் போராடுகிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் துண்டறிக்கை கொடுப்பவர்கள், மனு எழுதுபவர்கள், தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள். அவர்களைப் பற்றி இந்தப் பகுதியில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. துன்புறும் உயிரைக் காப்பதற்காக மனிதரை அச்சுறுத்தலாம், அவர் வீட்டைக் கொளுத்தலாம் என்று தீர்மானித்த ஒரு சிறு கூட்டத்தைப் பற்றியே பேசுகிறேன். அன்பு அளவு கடந்துவிட்டதுதான் காரணம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. எதிரில் நிற்பவரும் ஒரு குடும்பத்துக்காரர் என்பது கண்ணில் படாமல் போகும்போதே இந்த வன்முறை தொடங்குகிறது.

கேள்வி: இந்த இயக்கங்கள் எங்கே, எப்போது தோன்றின? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பிரிட்டனில். அங்கே 1963இல் நரிவேட்டையைக் குலைப்பதற்கென்று ஒரு சங்கம் உருவாயிற்று. வேட்டை நாய்களைத் திசைதிருப்புவதோடு அவர்கள் நின்றார்கள். 1970களின் தொடக்கத்தில் அதிலிருந்து பிரிந்த சில இளைஞர்கள், 1973இல், கட்டி முடிக்கப்படாத ஓர் ஆய்வகக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். 1976இல் ‘விலங்கு விடுதலை முன்னணி’ என்ற பெயர் வந்தது. 1992இல் பிரைட்டனில், சுற்றுச்சூழலுக்காக அதே வழியைப் பின்பற்றும் ‘புவி விடுதலை முன்னணி’ தோன்றியது. இரண்டும் அட்லான்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவில் வேரூன்றின.

அமைப்பு என்று நான் எழுதினாலும், அலுவலகம், உறுப்பினர் பதிவேடு, தலைவர் என்று எதுவும் அவற்றுக்குக் கிடையாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு செயலைச் செய்துவிட்டு, முன்னணியின் பெயரில் ஓர் அறிக்கை அனுப்பினால் அவர்களே அந்த முன்னணி. ஒரு குழுவுக்கு இன்னொரு குழு யாரென்று தெரியாது. ஒருவர் பிடிபட்டாலும் அடுத்த குழுவின் பெயர் அவர் வாயிலிருந்து வராது, ஏனென்றால் அவருக்கே தெரியாது. காவல்துறை பல ஆண்டுகள் திணறியதற்குக் காரணம் இதுவே. ‘எந்த உயிருக்கும், மனித உயிர் உட்பட, தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. ஆனால் தலைவர் இல்லாத இடத்தில் விதியை மீறியவரைத் தடுக்கவும் ஆள் இல்லை. மீறியவர் வேறு ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

கேள்வி: யாரையும் கொல்லாத கூட்டத்தை அமெரிக்கா ‘முதல் பெரும் உள்நாட்டு அச்சுறுத்தல்’ என்று சொன்னது மிகை இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

மிகைதான் என்பது என் முடிவு. 2005 மே மாதம் அமெரிக்கச் செனட் குழுவின்முன் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவ்வாறு சாட்சியம் அளித்தார். 1990 முதல் 2004 நடுப்பகுதிவரை 1,200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு இந்தத் தீவிரவாதிகள் பொறுப்பேற்றிருப்பதாக அவர் கணக்குக் காட்டினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான் ஓக்லஹோமா நகரில் அரசு வெறுப்புத் தீவிரவலதுசாரி ஒருவன் வைத்த வெடிகுண்டில் 168 பேர் இறந்திருந்தார்கள். அதை ஒரு தட்டிலும், எரிந்த கட்டடங்களை இன்னொரு தட்டிலும் வைத்தால், எது கனமென்று சொல்ல நிபுணர் தேவையில்லை. தொழில் நிறுவனங்களின் இழப்பு உயிரிழப்பைவிட உரக்கக் கேட்டது என்றே எனக்குப் படுகிறது.

ஆனால், யாரும் சாகவில்லை என்பதை வைத்து, அச்சுறுத்தலே இல்லை என்று வாதிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். 1998 அக்டோபரில் கொலராடோவின் வெய்ல் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி வளாகம் எரிக்கப்பட்டது. சேதம் 1.2 கோடி டாலர். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் வாழிடத்தைக் காப்பதற்காக என்று அறிக்கை வந்தது. விடுதி மறுபடியும் கட்டப்பட்டது, விரிவாக்கப் பணியும் நின்றுபோகவில்லை. 2003இல் சான் டியாகோவில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கொளுத்தப்பட்டபோது சேதம் 5 கோடி டாலர் அளவுக்குப் போயிற்று. இரவில் வைக்கப்படும் தீ, உள்ளே காவலாளி உறங்குகிறாரா என்று கேட்டுவிட்டுப் பரவுவதில்லை. அணைக்க வரும் வீரரின் தலையில் கூரை விழாது என்ற உத்தரவாதத்தை எந்த அறிக்கையாலும் தர முடியாது. பல ஆண்டுகள் பிணம் விழாமல் இருந்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது.

கேள்வி: இறந்த மூதாட்டியின் உடலைக்கூடத் தோண்டி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நம்ப முடியவில்லை. உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் நியூசர்ச் என்ற சிற்றூர். அங்கே ஒரு குடும்பம் மருத்துவ ஆய்வுக்காகக் கினிப்பன்றிகளை வளர்த்து விற்றுவந்தது. 1999இல் தொடங்கிய எதிர்ப்பு, முதலில் பண்ணை வாசலில் நின்று குரல் கொடுப்பதாக இருந்தது. பின்னர் அது பண்ணையைச் சுற்றியுள்ள எல்லோர்மீதும் பரவியது. எரிபொருள் கொண்டுவந்தவர், வீட்டைத் துப்புரவு செய்ய வந்த பெண்மணி, அந்தக் குடும்பத்தினர் போய்வந்த மதுக்கடை, அவர்கள் விளையாடிய கோல்ஃப் மைதானம் என ஒருவரும் தப்பவில்லை. வீடுகளின் சன்னல்களில் கல் விழுந்தது. குழந்தைகளிடம் தவறாக நடப்பவர் என்று ஒருவரைப் பற்றி அண்டை வீடுகளுக்குப் பொய்க் கடிதம் போயிற்று.

2004 அக்டோபரில் பக்கத்து ஊரான யாக்சலின் தேவாலயக் கல்லறையிலிருந்து, பண்ணை உரிமையாளர்களில் ஒருவருடைய மாமியாரின் உடல் காணாமல் போனது. அந்த அம்மையார் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கினிப்பன்றி வளர்ப்பில் அவருக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. தொழிலை நிறுத்தினால் உடல் திரும்பக் கிடைக்கும் என்ற தொனியில் கடிதங்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் குடும்பம் வளர்ப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் உடல் திரும்பவில்லை. குற்றவாளிகள் பிடிபட்டு, தண்டனைக்குச் சற்று முன்பு அவர்களில் ஒருவர் இடத்தைச் சொன்ன பிறகே, 2006 மே மாதம் ஒரு காட்டுப்பகுதியில் அது கண்டெடுக்கப்பட்டது. மூவருக்குத் தலா 12 ஆண்டுகள் சிறை.

ஒரு குடும்பம் தன் தாயின் எலும்புகளுக்காக ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்ததை எந்த இழப்பீட்டுக் கணக்கில் எழுதுவது? பாதுகாப்பு அறிக்கைகளில் டாலரும் பவுண்டும் வரும், இது வராது. பயங்கரத்தை உயிரிழப்பால் மட்டும் அளந்தால், இந்த வழக்கு ‘மிரட்டிப் பறிக்கும் சதி’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். சட்டப்படி அதுதான் குற்றத்தின் பெயர். ஊராருக்கோ, இரவில் கார்ச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவது என்றுதான் அதற்குப் பொருள்.

இதே முறையைப் பெரிய அளவில் கையாண்டது, விலங்குகள்மீது சோதனை நடத்திவந்த ஹன்டிங்டன் லைஃப் சயன்சஸ் என்ற ஆய்வு நிறுவனத்தை மூடவைக்க 1999இல் தொடங்கிய இயக்கம். நிறுவனத்தை நேரடியாக அடிப்பதைவிட, அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி, காப்பீடு செய்யும் நிறுவனம், பங்கு வாங்கியவர், பொருள் கொண்டுசெல்லும் லாரிக்காரர் ஆகியோரைக் கலங்கவைத்தால் நிறுவனம் தானாக விழும் என்பது கணக்கு. கணக்கு ஏறத்தாழப் பலித்தது. வங்கி விலகியது, காப்பீட்டாளர் விலகினார், கடைசியில் பிரிட்டிஷ் அரசே இங்கிலாந்து வங்கியில் கணக்குத் திறந்துகொடுத்தது, காப்பீட்டையும் ஏற்றுக்கொண்டது. 2001 பிப்ரவரியில் நிறுவனத் தலைவரை அவர் வீட்டு வாசலில் மூவர் தடிகளால் தாக்கினார்கள். 2005 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்தின் பங்கு பட்டியலிடப்பட வேண்டிய அதே நாள் காலையில், சந்தை நிர்வாகம் அதைத் தள்ளிவைத்தது. உலகின் ஆகப் பெரிய பங்குச் சந்தை பின்வாங்கிய செய்தி, வன்முறையாளர்களுக்குக் கிடைத்த பரிசாகிவிட்டது.

அதே ஆண்டு பிரிட்டன், விலங்கு ஆய்வு நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர்களை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. 2009 ஜனவரியில் அந்த இயக்கத்தை நடத்தியவர்களுக்கு 4 முதல் 11 ஆண்டுகள்வரை தண்டனை கிடைத்தது. அதன்பின் அந்த வகைத் தாக்குதல்கள் பிரிட்டனில் வெகுவாகக் குறைந்தன.

கேள்வி: ஆய்வகங்களில் விலங்குகள் வதைபடுவது பொய்யா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எதிர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பொய் இல்லை. ஹன்டிங்டன் விவகாரமே அப்படித்தான் தொடங்கியது. 1997இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்றில், ரகசியமாகப் படம்பிடிக்கப்பட்ட காட்சிகள் ஒளிபரப்பாயின. பீகிள் இன நாய்க்குட்டிகளை ஊழியர்கள் குத்தியதையும் உலுக்கியதையும் நாடே பார்த்தது. ஊழியர்கள்மீது வழக்கு நடந்தது, நிறுவனத்தின் உரிமமே கேள்விக்குள்ளானது. இவ்வளவும் ஒரு கேமராவால் நடந்தது என்பதைக் கவனியுங்கள். 1998இல் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனைக்கு உரிமம் தருவதைப் பிரிட்டன் நிறுத்தியது. 2000இல் ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைகளைத் தடைசெய்யும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்தது. 2004இல் நாய்களைக் கொண்டு நரிவேட்டையாடுவது தடைசெய்யப்பட்டது. இவற்றுக்காகத் தெருவில் நின்று, வாக்குக் கேட்டு, நாடாளுமன்றத்தை நச்சரித்தவர்களை நான் மதிக்கிறேன். கல்லறையைத் தோண்டியவர்கள் அந்த உழைப்பின்மீது சேற்றை வாரி இறைத்தார்கள். அவர்கள்மீது எனக்குள்ள கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

கேள்வி: சுற்றுச்சூழலுக்காக வைத்த தீயால் சுற்றுச்சூழலுக்கு ஏதாவது நன்மை உண்டானதா? (வேளாண் மாணவி, கோயம்புத்தூர்)

நீங்கள் வேளாண்மை படிப்பதால் சியாட்டில் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2001 மே 21ஆம் நாள் விடியற்காலையில், சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறத் தோட்டக்கலை மையம் எரிந்தது. நேரம் குறித்துவைத்த எரிபொருள் கலன்களை ஓர் ஆய்வாளரின் அறையில் வைத்திருந்தார்கள். அவர் பாப்லர் மரங்களின் மரபியலை ஆராய்ந்துவந்தவர். மரபணு மாற்றிய மரங்களைக் காட்டில் பரப்பப்போகிறார் என்பது தீ வைத்தவர்களின் குற்றச்சாட்டு. அவரிடம் இருந்தவையோ, நம் நெல் ஆராய்ச்சிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல, மகரந்தத்தைச் சேர்த்து உண்டாக்கிய வழக்கமான ஒட்டினங்கள். வேகமாக வளரும் பாப்லரைப் பண்ணையில் வளர்த்தால் இயற்கைக் காட்டை வெட்ட வேண்டிய தேவை குறையும் என்பது இத்துறையில் உழைப்பவர்களின் எதிர்பார்ப்பு.

நெருப்பு ஓர் அறையோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைப்பூச் செடியைக் கண்ணாடிக் குடுவைகளில் திசுவளர்ப்பு முறையில் வளர்த்துவந்தார்கள். உலகிலேயே வாஷிங்டன் மாநிலத்தின் மலைச்சரிவு ஒன்றில் மட்டும், சில நூறு செடிகளே எஞ்சியிருந்த இனம் அது. நாற்றுகளைப் பெருக்கி, மறுபடியும் அந்தச் சரிவில் நட்டுக் காப்பாற்றுவது நோக்கம். தீயில் அந்த நாற்றுகளும் கருகின. மறு ஆண்டு அமெரிக்க அரசு அந்தச் செடியை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தது. மையத்தைத் திரும்பக் கட்ட 70 லட்சம் டாலர் அளவுக்குச் செலவாயிற்று. ஒரு குடுவையில் வேர்விட்டு நின்ற நாற்றுக்கு எந்த நன்மை உண்டானது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: இவர்களை எப்படிப் பிடித்தார்கள்? (வாசகர், புதுச்சேரி)

உள்ளிருந்து. வெய்ல், சியாட்டில் தீவைப்புகள் ஒரே வலைப்பின்னலைச் சேர்ந்தவர்களின் வேலை. 2004இல் எஃப்.பி.ஐ. இப்படிப் பல தனித்தனி வழக்குகளை ஒன்றாக இணைத்தது. குழுவில் இருந்த ஒருவர் ஒத்துழைக்க முன்வந்து, உடலில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு பழைய தோழர்களைச் சந்தித்துப் பேச்சுக்கொடுத்தார். 2005 டிசம்பரில் கைதுகள் தொடங்கின. ஒருவர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். 2007இல் ஓரிகன் நீதிமன்றம் பத்துப் பேருக்கு 3 முதல் 13 ஆண்டுகள்வரை தண்டனை விதித்தது. தப்பியோடியவர்களில் ஒருவர் 2018இல் கியூபாவில் பிடிபட்டார்.

கேள்வி: ‘சுற்றுச்சூழல் பயங்கரவாதி’ என்ற சொல்லை அரசுகள் தமக்குப் பிடிக்காத எல்லோர்மீதும் ஒட்டிவிடும் ஆபத்து இல்லையா? (வழக்கறிஞர், மதுரை)

இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. 2020 ஜனவரியில், தென்கிழக்கு இங்கிலாந்தின் பயங்கரவாதத் தடுப்புக் காவல்துறை, ஆசிரியர்கள் உள்ளிட்டோருக்கான ஒரு வழிகாட்டியில், சாலையில் அமர்ந்து போராடும் ‘எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன்’ என்ற காலநிலை அமைப்பைத் தீவிரவாதக் கருத்தியல்களின் பட்டியலில் சேர்த்திருந்தது வெளியே தெரிந்தது. பிறகு அது தவறு என்று ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றார்கள். பிரிட்டிஷ் உளவுக் காவலர்கள் பொய்ப்பெயரில் ஆண்டுக்கணக்கில் சுற்றுச்சூழல் குழுக்களில் ஊடுருவி, பெண்களோடு காதல் உறவுகூட வைத்திருந்தது அம்பலமானது. அதை ஆராய 2015இல் பொது விசாரணையே அமைக்க வேண்டியதாயிற்று.

உலகெங்கும் நிலத்தையும் காட்டையும் காக்க நின்றதற்காக 2012 முதல் 2023வரை 2,106 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் தொடர்பான வன்முறை என்று சொன்னவுடன் நம் கண்முன் முதலில் வர வேண்டியவர்கள் இவர்களே. ஆகவே தீ வைத்தவரைத் தீ வைத்தவர் என்றும், மிரட்டியவரை மிரட்டியவர் என்றும் குற்றத்தின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுப்பெயர் சூட்டினால் குற்றம் செய்யாதவரும் அதற்குள் சிக்குவார், குற்றம் செய்தவரும் தியாகி வேடம் போட்டுக்கொள்வார்.

கேள்வி: இன்றும் இந்த அச்சுறுத்தல் இருக்கிறதா? (வாசகர், சென்னை)

பழைய வடிவில் மிகவும் தணிந்திருக்கிறது. கவலைக்குரிய புதிய வடிவம் வேறு திசையில் இருந்து வந்திருக்கிறது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தன்னைச் சூழலியல் பாசிஸ்ட் என்று அழைத்துக்கொண்டான். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் 23 பேரைக் கொன்றவனும் தன் அறிக்கையில் இயற்கை அழிவைப் பற்றி எழுதியிருந்தான். குடியேறிகள் பெருகுவதால் பூமி கெடுகிறது என்ற இனவெறி அது. விலங்கு விடுதலைக்காரர்களோடு இவர்களுக்குத் தொடர்பு கிடையாது.

கேள்வி: என் மகள் லண்டனில் படிக்கிறாள். காலநிலைப் போராட்டங்களுக்குப் போவதாகச் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும்? (ஒரு தாய், திருச்சி)

போகாதே என்று சொல்லாதீர்கள் அம்மா. தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் போவாள், அது இன்னும் கெடுதல். அங்கே என்ன பேசினார்கள் என்று தினமும் கேளுங்கள். இரவில் செய்ய வேண்டியது, வீட்டுக்குச் சொல்லக்கூடாதது, யாரோ ஒருவரின் வீட்டு முகவரி வேண்டும் என்கிற பேச்சு வந்தால் அந்த நொடியே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். அந்த நாட்டில் சாலை மறியலுக்கே இப்போது கடுமையான தண்டனை உண்டு என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூடவே ஜூடி பாரியின் கதையையும் சொல்லுங்கள். வட கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளுக்காகப் போராடியவர் அவர். நம் ஊர்ச் செம்மரம் வேறு, அது வானளாவ வளரும் ஊசியிலை மரம். மரத்தை வெட்டவிடாமல் தடுக்க அடிமரத்தில் பெரிய ஆணிகளை அடித்துவிடும் வழக்கம் அங்கே சிலரிடம் இருந்தது. 1987 மே மாதம் கிளோவர்டேல் நகரின் மரம் அறுக்கும் மில்லில், சுழன்றுகொண்டிருந்த பட்டை ரம்பம் அப்படி ஓர் ஆணியில் பட்டுத் தெறித்தது. 23 வயதுத் தொழிலாளி ஒருவரின் தாடை உடைந்து, பற்கள் போயின. ஆணி அடித்தது யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. முதலாளிக்கு வைத்த குறி தொழிலாளியின் முகத்தில் பட்டதை, தச்சுவேலையும் தொழிற்சங்க வேலையும் செய்து பழகிய ஜூடி பாரியால் மறக்க முடியவில்லை. 1990இல் அவர் தம் தோழர்களைக் கூட்டி, இனி நாங்கள் ஆணி அடிக்கமாட்டோம் என்று பகிரங்கமாக அறிவிக்கவைத்தார். மில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார்.

அதே ஆண்டு மே 24ஆம் நாள் ஓக்லண்டில் அவருடைய காரில் குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கிய நிலையில் மருத்துவமனையில் கிடந்தவரையே, குண்டைக் கொண்டுபோனவர் என்று காவல்துறை கைதுசெய்தது. வழக்குத் தொடர ஆதாரம் இல்லாமல் போயிற்று. குண்டு வைத்தவர் யார் என்பது இன்றும் தெரியாது. 1997இல் அவர் புற்றுநோயால் இறந்தார். 1999இல் அமெரிக்க அரசும் கலிபோர்னியா மாநிலமும் சேர்ந்து, அவர் போராடிய ஹெட்வாட்டர்ஸ் காட்டில் ஏறத்தாழ 7,400 ஏக்கரை விலைக்கு வாங்கிக் காப்பகமாக்கின. 2002இல் நடுவர் குழு, எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் ஓக்லண்ட் காவலர்களும் அவருடைய உரிமைகளைப் பறித்தார்கள் என்று தீர்ப்பளித்து, அவருடைய வாரிசுகளுக்கும் அன்று காரில் உடனிருந்த தோழருக்கும் 44 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. அந்த மரங்களை அடுத்த விடுமுறையில் உங்கள் மகள் போய்ப் பார்க்கலாம், இன்றும் நிற்கின்றன.